குழந்தையின் நோய்க்குப் பெயர் சொல்லும் ஆய்வகம் தஞ்சைக்கு வேண்டும்

நாற்றுப் பறிக்கும் கையில் கட்டுவிரியன் தீண்டினால் என்ன செய்ய வேண்டும் என்று காவிரி டெல்டாவில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அங்கே போடும் பாம்புக்கடி ஊசி மருந்தில் இருப்பது, குதிரையின் இரத்தத்தில் உருவான எதிர்ப்பொருள். ஆன்டிபாடி என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்துவார்கள். குதிரையின் உடல் அந்த நஞ்சைத் தேடிப் பிடிக்கும் புரதத்தை உண்டாக்கும். அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்தால் மருந்து. வயல்வெளி மக்களின் எத்தனையோ உயிர்களை அது காப்பாற்றியிருக்கிறது.

எதிர்ப்பொருளுக்கு இன்னொரு வேலையும் தெரியும். நோயைத் தீர்ப்பது மட்டுமல்ல, நோய் எது என்று காட்டிக்கொடுப்பதும் அதனால் முடியும். தான் தேடும் பொருளை ஆயிரம் பொருள்களுக்கு நடுவிலும் கண்டுபிடித்து ஒட்டிக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. 1941இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் கூன்ஸ் என்ற மருத்துவர், எதிர்ப்பொருளோடு ஒளிரும் சாயத்தைக் கோத்துவிட்டார். அது எங்கே போய் ஒட்டுகிறதோ அந்த இடம் நுண்ணோக்கியில் மின்னியது. 1971இல் சுவீடனில் ஏவா எங்வாலும் பீட்டர் பெர்ல்மனும் சாயத்துக்குப் பதிலாக ஒரு நொதியைக் கோத்து எலைசா சோதனையை உருவாக்கினார்கள். 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே அச்சில் வார்த்ததுபோன்ற எதிர்ப்பொருள்களை அளவின்றி உற்பத்தி செய்யும் வழியைக் கண்டார்கள். அதற்கு 1984இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று ஊர்தோறும் இருக்கும் பரிசோதனைக் கூடங்களில் நடக்கும் தைராய்டு, டெங்கு, எச்.ஐ.வி. சோதனைகளெல்லாம் இந்த வேர்களிலிருந்து வந்தவை.

இப்படி அடையாளம் கோத்த எதிர்ப்பொருள்களில், லைசோசோம் நொதி ஒன்றைத் தேடிப் பிடிக்கும் வகையும் உண்டு. நூறு மைக்ரோலிட்டர் அளவுள்ள குப்பி; இரண்டு மூன்று சொட்டுக்கு மேல் தேறாது. விலை சில பத்தாயிரம் ரூபாய். ‘ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று அதன் மேல் அச்சிட்டிருக்கும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் குழந்தைகளுக்கும் இந்தக் குப்பிக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது. அந்தத் தொடர்பை அரசும் பல்கலைக்கழகங்களும் இனியாவது கவனத்தில் எடுக்க வேண்டும்.

லைசோசோம் என்பது என்ன? டெல்டா விவசாயிக்குப் பாசன வாய்க்கால் எவ்வளவு முக்கியமோ, வடிகாலும் அவ்வளவு முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெங்காயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் வடிகாலை அடைத்துக்கொண்டால் சம்பாப் பயிர் தண்ணீரில் கிடந்து அழுகும். நம் உயிரணுக்களுக்குள்ளும் இப்படி ஒரு வடிகால் ஏற்பாடு இருக்கிறது. பழுதான புரதம், உபரிக் கொழுப்பு, மாவுப்பொருள் எல்லாம் அங்கே வந்து சேரும். ஐம்பதுக்கும் மேற்பட்ட நொதிகள் அவற்றை அறுத்துச் சிறு துண்டுகளாக்கி, மறுபடி பயன்படும்படி திருப்பி அனுப்பும்.

இதைக் கண்டவர் பெல்ஜியம் நாட்டின் கிறிஸ்டியன் டி டுவ். எலியின் கல்லீரலை அரைத்து ஒரு நொதியை அளந்துகொண்டிருந்தார். புதிதாக அரைத்ததில் நொதி குறைவாகவே தெரிந்தது. ஐந்து நாள் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு அளந்தால் பல மடங்கு கூடியிருந்தது. பிழை என்று தள்ளிவிடாமல் அவர் காரணத்தைத் தேடினார். நொதி ஒரு சவ்வுப் பைக்குள் அடைபட்டிருக்கிறது, பை நைந்த பிறகுதான் வெளியே வருகிறது என்று புரிந்தது. 1955இல் அந்தப் பைக்கு லைசோசோம் என்று பெயர் வைத்தார். 1974இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அந்த நொதிகளில் ஒன்று இல்லாமல் பிறக்கும் குழந்தையின் கதிதான் நம் கவலை. குளுக்கோசெரிப்ரோசிடேஸ் என்ற நொதி குறைந்தால் காஷே நோய். மண்ணீரலும் கல்லீரலும் வீங்கி வயிறு முன்தள்ளும், இரத்தத் தட்டணுக்கள் குறையும், எலும்பு வலிக்கும். ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் இல்லாவிட்டால் பாம்பே நோய். 1932இல் இதை விவரித்த டச்சு மருத்துவரின் பெயர் அது. தசைகள் துவண்டு இதயம் பருத்துவிடும். சிகிச்சை இல்லாவிட்டால் கைக்குழந்தைகளில் பெரும்பாலோர் முதல் பிறந்தநாளைத் தாண்டுவதில்லை. முகமும் எலும்பும் மாறிப்போகும் மியூக்கோபாலிசாக்கரைடு வகை நோய்கள் தனி. மொத்தத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நோய்கள். ஒவ்வொன்றும் அரிது. சேர்த்துப் பார்த்தால் சில ஆயிரம் பிறப்புகளுக்கு ஒன்று.

பெரும்பாலான இந்த நோய்கள், தாய், தந்தை இருவரிடமும் அதே மரபணுக் குறை மறைந்திருக்கும்போது குழந்தைக்கு வருகின்றன. பெற்றோர் இருவரும் முழு ஆரோக்கியமாக இருப்பார்கள். ஆனால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு நோய்க்கு உண்டு. சொந்தத்தில் திருமணம் செய்யும்போது ஒரே குறை இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் சுமார் 28 விழுக்காட்டினரின் திருமணம் இரத்த உறவுக்குள் நடந்தது. இந்திய அளவில் இது சுமார் 11 விழுக்காடு. மாமன் மகன், அத்தை மகள், அக்காள் மகள் என்று முறை பார்த்துக் கொடுப்பதும், நிலம் வெளியே போகக் கூடாது என்று நினைப்பதும் டெல்டாவில் புதிதல்ல. அந்தக் குடும்பங்களைக் குற்றவாளிகளாக நிறுத்துவது நியாயமாகாது. உறவில் மணந்தவர்களில் மிகப் பெரும்பாலோரின் குழந்தைகள் நலமாகவே இருக்கிறார்கள். ஆனால், நாட்டிலேயே உறவுத் திருமணம் மிகுந்த மாநிலம் இந்த நோய்களைக் கண்டுபிடிப்பதிலும் முன்னால் நிற்க வேண்டும் என்று கேட்பது நியாயம்.

இன்று நடப்பது என்ன? வயிறு வீங்கிய குழந்தையை முதலில் பக்கத்து ஊர் மருத்துவரிடம் காட்டுகிறார்கள். பூச்சி மருந்து தருகிறார். பிறகு தஞ்சாவூர், அடுத்து திருச்சி. மண்ணீரல் வீக்கத்தைப் பார்த்து மலேரியாவா, காசநோயா, இரத்தப் புற்றா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார்கள். கடைசியில் சென்னைக்கோ வேலூருக்கோ புதுச்சேரிக்கோ எழுதிக் கொடுக்கிறார்கள். சென்னை என்றால் உழவன் எக்ஸ்பிரஸில் சுமார் 350 கிலோமீட்டர் இரவுப் பயணம். கூலி வேலை செய்யும் தகப்பனுக்கு ஒவ்வொரு பயணமும் இழந்த கூலி, வட்டிக்கு வாங்கிய பணம். அதற்குள் தாய் மறுபடி கர்ப்பமாகியிருப்பாள். முதல் குழந்தைக்கு வந்தது என்ன என்று தெரியாததால், வயிற்றில் இருப்பதைச் சோதிக்கவும் வழியிருக்காது.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். முதல் படி நொதி வேலை செய்கிறதா என்று பார்ப்பது. இரத்த வெள்ளணுக்களைப் பிரித்து, அந்த நொதி அறுக்கக்கூடிய செயற்கைப் பொருள் ஒன்றைச் சேர்ப்பார்கள். நொதி அறுத்தால் நீலமாக ஒளிரும் பொருள் வெளிப்படும். ஒளி மங்கலாக இருந்தால் நொதியின் வேலை குறைவு. இதற்குத் தேவையானவை ஒளிர்வை அளக்கும் ஃப்ளூரிமானி, உறைபெட்டி, பழகிய கைகள். அதற்கு மேல் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை.

இரண்டாவது படியில்தான் அடையாளம் கோத்த எதிர்ப்பொருள் வருகிறது. நொதி வேலை செய்யவில்லை என்பது தெரிந்துவிட்டது. ஏன் செய்யவில்லை? உடல் அந்தப் புரதத்தை உருவாக்கவே இல்லையா? உருவாக்கியும் சரியாக மடியாமல் வழியிலேயே சிக்கிக்கொண்டதா? லைசோசோம் வரை வந்தும் முடங்கிக் கிடக்கிறதா? எதிர்ப்பொருள் புரதத்தின் இருப்பைக் காட்டும், அளவைக் காட்டும், இருக்கும் இடத்தையும் காட்டும். பாம்பே நோயின் நொதி முதிராத நிலையில் 110 கிலோடால்டன் எடை. லைசோசோமுக்குள் போய் முதிர்ந்ததும் 76, 70 என்று சுருங்கும். புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் கோடுகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் எந்தக் கோடு தெரிகிறது, எது காணவில்லை என்று பார்த்தாலே நொதி எங்கே நின்றுவிட்டது என்று சொல்லிவிடலாம்.

இது ஆராய்ச்சியாளரின் ஆர்வத்தோடு முடிந்துவிடும் விவரமல்ல. பாம்பே நோய்க்கு நொதியையே மருந்தாக ஏற்றும் சிகிச்சை 2006இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சில குழந்தைகள் தேறினார்கள், சிலருக்கு மருந்து கொஞ்ச காலத்தில் பலிக்காமல் போனது. காரணத்தை எதிர்ப்பொருள் சோதனை காட்டியது. அந்தப் புரதத்தைத் துளிகூட உருவாக்காத குழந்தையின் உடல், மருந்தாக வரும் நொதியை அந்நியன் என்று எண்ணி எதிர்க்கிறது. அப்படிப்பட்ட குழந்தைக்கு, நோய் எதிர்ப்பைத் தணிக்கும் மருந்துகளை நொதிச் சிகிச்சை தொடங்கும்போதே சேர்த்துக் கொடுக்க வேண்டும். புரதம் உண்டா இல்லையா என்ற ஒற்றைக் கேள்விக்கு விடை தெரிந்தால், பிழைக்க வாய்ப்புள்ள குழந்தை பிழைக்கும்.

இந்தத் துறையின் வரலாற்றில் ஒரு தமிழ்ப் பெயரும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் ஜான் ஹாப்வுட், பீட்டர் மெய்க்கல் ஆகியோரின் குழு, பாம்பே நோயின் நொதிப் புரதத்தை எதிர்ப்பொருளால் அளக்கும் முறையை 2000இல் வெளியிட்டது. காகிதத்தில் உலர்ந்த இரத்தப் பொட்டிலிருந்தே அளக்க முடிந்தது. அடுத்த ஆண்டு, எதிர்ப்பொருளால் நொதியைப் பிடித்து நிறுத்தி அதன் வேலைத்திறனை அளக்கும் முறையும் வந்தது. இரண்டு கட்டுரைகளிலும் முதல் ஆசிரியர் உமாபதிசிவம். குதிகாலில் குத்தி எடுத்த சில துளி இரத்தம் வடிதாளில் உலர்ந்து, அஞ்சலில் போய்ச் சேர்ந்தால் போதும் என்ற நிலைக்கு உலகை நகர்த்திய முயற்சிகளில் இதுவும் ஒன்று. தைவான் 2005இல் பிறந்த குழந்தைகளுக்கு பாம்பே நோய்ச் சோதனையைத் தொடங்கியது. அமெரிக்கா 2015இல் அதைப் பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தது. அடிலெய்டில் தமிழ்ப் பெயர் கொண்ட ஒருவர் செய்து காட்டிய சோதனைக்குத் தஞ்சாவூரில் பிறக்கும் குழந்தை இன்னமும் காத்திருப்பது வேதனை.

இந்தியாவில் வேலையே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. அகமதாபாத்தின் ஃபிரிஜ் மரபியல் நிறுவனத்தில் ஜயேஷ் சேத் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே மையத்தில் 387 குழந்தைகளுக்கு லைசோசோம் நோய்கள் உறுதியானதைப் பதிவு செய்தது. அதே ஆண்டு ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பு ஒன்றை வழங்கியது. காஷே நோயால் அவதிப்பட்ட 7 வயதுச் சிறுவன். தந்தை ரிக்‌ஷா ஓட்டுபவர். முன்பே இதே நோய்க்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். பணம் இல்லை என்பதற்காகச் சிகிச்சையை மறுக்க முடியாது என்று நீதிமன்றம் அரசுக்குச் சொன்னது. 2021இல் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை வந்தது. 2022இல் உதவித்தொகை ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உயர்ந்தது. சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை அதற்கான சிறப்பு மையங்களில் ஒன்றானது. ஆனால் அந்த 50 லட்சத்தில் ஒரு ரூபாயைத் தொடவும், நோய் இன்னதுதான் என்ற உறுதிச் சான்று வேண்டும். பெயர் தெரியாத நோயோடு இருக்கும் குழந்தைக்கு அந்தக் கொள்கை வெறும் காகிதம்.

அந்தப் பெயரை இங்கேயே கண்டுபிடிக்க இரண்டு தடைகள் நிற்கின்றன. முதல் தடை, எதிர்ப்பொருள்களுக்காக வெளிநாட்டை நம்பியிருப்பது. நம் ஆய்வகங்கள் வாங்கும் ஆராய்ச்சி எதிர்ப்பொருள்களில் பெரும்பகுதி இறக்குமதி. முன்பணம், சுங்கம், விமானம், உலர்பனிப் பெட்டி என்று வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சாயம் கோத்தவை வெளிச்சம் பட்டால் மங்கும், சூடு பட்டால் கெடும். சித்திரை வெயிலில் சென்னை விமான நிலையத்திலிருந்து தஞ்சை வரும் வழியில் குளிர் விட்டுப்போனால் அந்தக் குப்பியை நம்ப முடியாது. முனைவர் பட்ட மாணவரின் ஆறு மாதம் அதோடு போய்விடும்.

இரண்டாவது தடை தரம். வாங்கிய எதிர்ப்பொருள் சொன்ன வேலையைச் செய்கிறதா என்பதே கேள்வி. 2023இல் கனடாவை மையமாகக் கொண்ட பன்னாட்டுக் குழு ஒன்று, 65 புரதங்களுக்காக விற்கப்படும் 614 எதிர்ப்பொருள்களைச் சோதித்தது. குறிப்பிட்ட புரதம் அறவே நீக்கப்பட்ட உயிரணுவில் அந்த எதிர்ப்பொருள் ஒட்டக் கூடாது; ஒட்டினால் அது தவறான சாட்சி. பெருந்தொகையானவை தேறவில்லை. அவற்றில் பல, முன்பே நூற்றுக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளில் பயன்பட்டவை. மரபணு வழியில் வார்த்தெடுத்த எதிர்ப்பொருள்கள் மற்றவற்றைவிட நன்றாகத் தேறின. மேலை நாட்டு ஆய்வகம் ஒரு குப்பி பொய்த்தால் அடுத்ததை வாங்கிக்கொள்ளும். நம் ஊர் ஆய்வகத்துக்கு அந்த வசதி இல்லை. ஆகவே சரிபார்த்த எதிர்ப்பொருளின் தேவை நமக்குத்தான் அதிகம்.

இந்த இரண்டையும் தாண்டும் ஆற்றல் டெல்டாவுக்கு உண்டா? உண்டு. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மன்னரும் மிராசுதாரர்களும் கொடுத்த கொடையில் எழுந்த ராஜா மிராசுதார் மருத்துவமனை, டெல்டாவின் தாய் சேய் நலத்துக்கு இன்றும் முதுகெலும்பு. திருமலைசமுத்திரத்தில் சாஸ்திரா பல்கலைக்கழகத்தின் உயிரித் தொழில்நுட்பத் துறை, திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகத்தின் உயிர் அறிவியல் துறை, திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம் எல்லாம் ஒரு மணி, இரண்டு மணி பயணத் தூரத்தில் இருக்கின்றன. மருத்துவமனையில் நோயாளி இருக்கிறார், பல்கலைக்கழகத்தில் கருவி இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் ஒப்பந்தமும், நிரந்தரச் சம்பளத்தில் இரண்டு மூன்று தொழில்நுட்பர்களும்தான் குறை.

இரத்தசோகையும் எடைக் குறைவும் இவ்வளவு இருக்கும்போது அரிய நோய்க்குச் செலவா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நொதிச் சோதனைக்கான கருவிகள் வேறு பல சோதனைகளுக்கும் பயன்படும். ஓர் அரிய நோயைக் காலத்தில் கண்டுபிடித்தால் பத்து வீண் சோதனைகளும் தேவையற்ற மண்ணீரல் அறுவையும் தவிரும். வாழ்நாள் முழுவதும் மருந்து வாங்க முடியாதபோது நோயைத் தெரிந்து என்ன பயன் என்பது அடுத்த கேள்வி. அடுத்த குழந்தைக்குப் பயன். கர்ப்பத்தின் 11 முதல் 13 வாரத்தில் நஞ்சுக்கொடித் திசுவைச் சோதித்துப் பெற்றோர் முடிவெடுக்க முடியும். அண்ணன் தம்பி, அக்காள் தங்கை வீடுகளில் அடுத்த சம்பந்தம் பேசும்போதும் அந்த அறிவு உதவும்.

மரபணு வரிசையைப் படித்தால் போதாதா என்பது படித்தவர்களின் கேள்வி. மரபணுச் சோதனை மிக அவசியம். ஆனால் உலகத் தரவுத்தளங்களில் நம் மக்களின் மரபணு விவரம் குறைவு என்பதால், இந்திய நோயாளிகளிடம் காணும் பல மாற்றங்களுக்கு ‘நோய் தருமா என்று சொல்ல முடியவில்லை’ என்றே அறிக்கை வருகிறது. அந்த நேரத்தில் தீர்ப்புச் சொல்வது நொதியின் வேலையும் புரதத்தின் அளவும்தான்.

இதன் பயன் குழந்தைகளோடு நிற்காது என்பதற்கும் சான்று உண்டு. காஷே நோயின் மரபணுக் குறையை ஒரு பிரதி மட்டும் சுமப்பவர்களுக்குக்கூடப் பார்க்கின்சன் நோய் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது என்று எல்லன் சிட்ரான்ஸ்கி தலைமையில் பல நாடுகளின் 16 மையங்கள் சேர்ந்து 2009இல் நிறுவின. கை நடுங்கும் தாத்தாவுக்கும் வயிறு வீங்கிய பேரனுக்கும் பொதுவான நொதி ஒன்று இருக்கக்கூடும். அதை அளக்கும் ஆய்வகம் முதியோருக்கான ஆராய்ச்சிக்கும் வாசல் திறக்கும்.

நோயாளியைக் கண்டு, பதிந்து, ஆவணமாக வைக்கும் பழக்கம் தஞ்சைக்கு அந்நியமும் அல்ல. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி, தன்வந்திரி மகாலில் கண் நோயாளிகளின் விவரங்களைப் படங்களோடு எழுதி வைக்கச் செய்தார். அந்த ஏடுகள் சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நோயாளிக்குத் தனிப் பதிவேடு கண்ட ஊரில், இன்று அரிய நோய்க் குழந்தைகளுக்கென ஒரு டெல்டாப் பதிவேடு தொடங்குவது முடியாத காரியமா?

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் லைசோசோம் நொதிச் சோதனைக்கான மண்டல ஆய்வகம் ஒன்றை மாநில அரசு அமைக்க வேண்டும். எழும்பூர் மையத்தோடு அதை இணைக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு உலர் இரத்தப் பொட்டு அட்டைகளைத் தந்து, கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் அறிகுறிகளைச் சொல்லித்தர வேண்டும். லைசோசோம் நொதிகளுக்கான எதிர்ப்பொருள்களை மரபணு வழியில் இங்கேயே உருவாக்க, மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் டெல்டாப் பல்கலைக்கழகங்களுக்கு நிதி தர வேண்டும். உருவான ஒவ்வொன்றையும் நொதி நீக்கிய உயிரணுவில் சோதித்து முடிவைப் பொதுவில் வைக்க வேண்டும். ஆராய்ச்சிக்கான குப்பியை அப்படியே நோயறியப் பயன்படுத்துவது சரியல்ல. முறையான சரிபார்ப்புக்குப் பிறகு, நொதிச் சோதனைக்குத் துணையாகவே அது வர வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு குழந்தைக்கு வயிறு வீங்கிக்கொண்டே போனால், கற்ற நடையும் பேச்சும் பின்வாங்கினால், மூட்டுகள் விறைத்தால், தசை துவண்டால், அல்லது காரணம் தெரியாமல் ஒரு பிள்ளையை முன்பே இழந்திருந்தால், மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையத்துக்கோ அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கோ போங்கள். பெற்றோர் சொந்தத்தில் மணந்தவர்கள் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். லைசோசோம் நொதிச் சோதனை தேவையா என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே கேளுங்கள்.